நாற்பத்தேழாம் சாவடி

மாசித் திங்கட்கிழமை. ஸ்காபறோவில் இடைத்தேர்தல்.
இருபத்தைந்து சென்ரிமீற்றர் என்றது வானொலி.
வானொலி சொன்னால் பாதிதான் வரும் என்றேன்.
முழுதாக வந்தது.

பள்ளிக்கூட ஜிம்மில், கூடைப்பந்து வளையத்தின் கீழே
எனக்கொரு மேசை, ஒரு பெட்டி,
வந்தவர் பெயரை வெட்ட ஓர் அடிமட்டம்,
ஒரு குவளை நிறையக் குட்டைப் பென்சில்கள்.
பக்கத்தில் ரோவீனா, ஊசியும் நூலுமாய்:
மகனுடைய கையுறையில் பெருவிரல் கிழிந்துவிட்டதாம்.

பட்டியலில் எண்ணூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
பத்து மணிவரை உள்ளே வந்தவர் நாலு பேர்.
அதில் ஒருவருக்குக் கழிப்பறைதான் வேண்டியிருந்தது.

ஐந்து வேட்பாளர்கள்.
ஒருவர் பொங்கல் விழாவுக்கு வேட்டியோடு வந்து,
அவிழ்ந்துவிடும் பயத்தில் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி
மறுகையால் மட்டும் வணக்கம் வைத்தவர்.
அந்த அரை வணக்கத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.
இதை இன்றைக்குச் சொல்லக்கூடாது,
கையெழுத்திட்டுச் சத்தியம் செய்திருக்கிறேன்.

மேசைக்கடியில், மடியில், நூலகத்துத் தடித்த நாவல்.
முப்பத்தோராம் பக்கத்தில்
‘மக்கள் வெள்ளம் திரண்டது’ என்ற வரிக்குக் கீழே கோடு.
ஓரத்தில் யாரோ பென்சிலால்: பொய்.
ய்-யின் தலையில் இருந்தது புள்ளியல்ல,
சட்டைப் பித்தான் மாதிரி ஒரு குட்டி வட்டம்.
ஐம்பத்தெட்டில் ‘அவள் கண்கள் கடலாயின’.
பொய். மறுபடி பித்தான்.
இதற்குள் கதையைவிட
இந்த ஆளைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் குகநேசன் வந்தார், தொப்பியில் ஒரு குவியலோடு.
“டிரைவ்வேயை வழிச்சுப்போட்டு வாறன், நாரி போச்சு.
நேற்று ஒரு படம் பார்த்தன் பிள்ளை.
ஒரே ஒரு பேச்சு. பேசி முடிய மழை.
மழை முடிய அவன் முதலமைச்சர்!
எனக்கு ஒரு புள்ளடி போட
ரெண்டு மணித்தியாலம் பனி வழிக்க வேண்டிக்கிடக்கு.”
அடையாள அட்டையைத் தேடி
ஐந்து பைகளைத் துழாவினார். ஆறாவதில் கிடைத்தது.

இரவு வேலை முடித்த தாதி ஒருத்தி,
தடுப்புக்குப் பின்னால் நின்றபடியே தூங்கிவிட்டாள் போலும்,
ரோவீனா மெல்லச் செருமினாள்.
பிறகு ஒரு கணவனும் மனைவியும்.
ஒருவர் வாக்கை மற்றவர் வெட்டிவிழுத்த
ஒரே காரில் வந்திருந்தார்கள்,
முறைத்தபடி போட்டார்கள்,
வெளியே போகும்போது அவர் அவளுடைய கோட் ஜிப்பை
கழுத்துவரை இழுத்துவிட்டார்.

எட்டரைக்குக் கதவடைத்து எண்ணினோம்.
அறுபத்தொன்று.
விரித்து, காட்டி, அடுக்கி, விரித்து, காட்டி,
நாற்பத்து மூன்றாவது சீட்டில் புள்ளடி இல்லை.
ஐந்து பெயர்களுக்கும் குறுக்காக, சாய்வாக
பொய் என்றிருந்தது.
தலையில் பித்தான்.

“என்ன எழுதியிருக்கு?” என்றாள் ரோவீனா.
செல்லாது, என்றேன்.
வேறு உறையில் இட்டு ஒட்டினேன்.

அறுபத்தொரு பேருக்கும் சீட்டு மடித்துக் கொடுத்தது
என் கைதான்.
குகநேசனா? தாதியா? ஜிப்பை இழுத்துவிட்டவரா?
பட்டியலில் வெட்டிய பெயர்களை
அடிமட்டத்தோடு ஒருமுறை இறங்கிப் பார்த்தேன்.
பாதியில் நிறுத்தினேன்.
அந்தப் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை.
கொஞ்சம் விருப்பமும் இல்லை.

வேட்டிக்காரருக்கு எங்கள் பெட்டியில் ஒன்பது.
வானொலி அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பஸ் தரிப்பிடத்தில், மஞ்சள் விளக்கின் கீழே,
கையுறையைப் பல்லால் கழற்றிப் பக்கம் புரட்டினேன்.
நூற்று நாற்பத்து மூன்று.
‘அன்று மழை பெய்யவில்லை.’
அவ்வளவுதான் வரி. ஓரத்தில்
அதே பென்சில், முதன்முறையாக:
சரி.

அண்ணாந்து பார்த்தேன். பனி விட்டிருந்தது,
எப்போது என்று கவனிக்கவில்லை.
நீல்சன் வீதியில் உப்பு லொறி ஒன்று
யார் வென்றது என்று கேளாமல்
எல்லார் வாசலுக்கும் இறைத்துக்கொண்டு போனது.