நான்காம் வரி

அன்புள்ள ஹன்னெக்கே,
மூன்று வரி போதும் என்றார்கள்.
நன்றி. நலம். நன்றாகப் படிக்கிறேன்.
அந்தத் தாள் திங்களன்றே தபாலில் போய்விட்டது,
பல் தெரியச் சிரிக்கும் என் படத்தோடு.
இது நான்காம் வரி.
தபால்தலை என் காசு.

நீங்கள் உட்ரெக்டில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடினீர்களாம்.
ஒவ்வொரு கிலோமீட்டருக்கும்
சிநேகிதர்கள் பணம் வைத்தார்களாம்.
அது கடல் தாண்டி, லெசோத்தோ வந்து, மலையேறி
இந்த மொக்கோட்லோங்கில்
விடுதிக் கட்டில் ஒன்றாகவும்
நீங்கள் போட்டுக் கழற்றிய ஒரு ஜோடி ஷூவாகவும் இறங்கியது.
உள்ளே உங்கள் பெருவிரலின் பள்ளம்.
என் விரல் அதில் குடியேற
ஒரு மாதம் பிடித்தது.

கணக்கில் நான் மோசமில்லை.
வீட்டிலிருந்து பள்ளிக்குப் பதினொன்று,
போக வர இருபத்திரண்டு.
நான்கு வருஷம், பனி மூடிய நாள் கழித்து,
பதினாறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.
ஒன்றுக்குக்கூட யாரும் பணம் வைக்கவில்லை.
குறை சொல்லவில்லை.
பெருக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

நான் ஓடியது பரிசுக்கு இல்லை.
இரண்டாவது கணவாயில், குதிரைமேல்,
போர்வை போர்த்திய ஒருவன்
என் பெயர் கேட்பான்.
மறுநாள் அப்பா பெயர் கேட்பான்.
அதற்கு மறுநாள் ஒன்றும் கேட்கவில்லை.
அன்று நானும் பூலெங்கும் ஓடினோம்.
எனக்கு மூச்சு இருந்தது.
அவளுக்குக் கணுக்கால் சுளுக்கியிருந்தது.

இங்கே ஒரு வரி விடுகிறேன்.

என் பெயர் கெனெயுவே.
எங்கள் பேச்சில் ‘எனக்குத் தரப்பட்டது’ என்று பொருள்.
தந்தது யார் என்று அந்தச் சொல்லில் இல்லை.
முன்பு அது எனக்குப் பிடிக்கும்.
கட்டில் கிடைத்த பிறகு
விடுதிக்கு வருகிறவர்கள் எல்லாம் பெயரைக் கேட்டு
பொருத்தம் பார்த்தவர்கள்போலத் தலையாட்டினார்கள்.
அன்றிலிருந்து ஓர் அரிப்பு:
வாங்கி வாங்கியே
கை ஒரு பக்கமாக மடங்கிப் போகுமோ?

பூலெங் திரும்பி வந்தாள், குழந்தையோடு.
பதினோராம் வகுப்புத் தேர்வு எழுத வேண்டும் என்றாள்.
கட்டணம் எண்ணூறு மலோட்டி.
நாங்கள் ஏழு பேர்
உங்கள் வித்தையையே எடுத்தோம்.
மாற்றி மாற்றி நாற்பத்திரண்டு.
கடைக்காரர் செகோபே, கிலோமீட்டருக்குப் பத்து
என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.
தையல்காரி ஐந்து.
ஆடு மேய்க்கும் பையன்கள் ஆளுக்கொரு உருளைக்கிழங்கு.
போலீஸ்காரர் மனைவி முட்டை தருவதாகச் சொன்னாள்,
ஆனால் இருபதோடு நிறுத்திக்கொள்வாளாம்.
கிழங்கையும் முட்டையையும் விற்றால்
எப்படியோ தேறும்.

ஓடினோம்.
முப்பத்தெட்டில் ஆலங்கட்டி மழை.
லிமாகட்சோவுக்கு முழங்கால் கிழிந்தது.
நாற்பத்தொன்றில் எனக்கு வாந்தி.
(ஷூவைக் கழுவிவிட்டேன், கவலை வேண்டாம்.)
கடைசிக் கிலோமீட்டருக்கு ஆள் இல்லை.

பூலெங் எழுந்தாள்.
குழந்தையை முதுகில் வைத்துப் போர்வை இழுத்து
ஊக்கு குத்தினாள்.
நடந்தாள்.
சேற்றில், வளைவுகளில், கடைத் தகரக் கூரை தெரியும்வரை
நடந்தாள்.
யாரும் கைதட்டவில்லை.
குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

இப்போது செகோபே சொல்கிறார்:
“ஓட்டத்துக்குத்தான் கையெழுத்து, நடைக்கு இல்லை.”
பத்து மலோட்டியைப் பிடித்துவைத்திருக்கிறார்.
விடுவதாக இல்லை நாங்கள்.
தினம் சாயங்காலம் கடை வாசலில் வழக்கு.
மாவு வாங்க வந்தவர்கள்
இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.

அதற்காகத்தான் எழுதுகிறேன், பணத்துக்கு இல்லை.
உட்ரெக்டில், முப்பது தாண்டி,
யாரும் பார்க்காத ஏதோ திருப்பத்தில்
நீங்களும் கொஞ்சம் நடந்தீர்களா?
அதற்கும் பணம் கொடுத்தார்களா?

உள்ளதை எழுதுங்கள்.
மூன்று வரி போதும்.