சட்டம் எண் ஏழு

அணைக்கரை முழுக்க ஆடுகள்.
புழுக்கை மிதித்துத்தான் தொடங்கியது
எங்கள் வகுப்பின் கடலறிவியல்.

கடலைத்தான் காணோம்.
நோர்ட்ஸ்ட்ராண்டில் அது
நாளுக்கு இரண்டு முறை வெளியே போய்விடும்.
போன இடத்தில் சாம்பல் நிறச் சேறு,
அடிவானம்வரை
யாரோ மெழுகிவிட்டுக் காயவைத்ததுபோல்.

இருபத்திரண்டு பேருக்கும் வாடகைப் பூட்ஸ்.
ஓக்கேவுக்கு வாய்த்தது இரண்டு எண் பெரியது.
"நடக்கலாம், ஓடாதே" என்றார் கடைக்காரர்.

அரை மீட்டருக்கு அரை மீட்டர்,
கம்பிச் சட்டத்தைக் கண்மூடி எறிய வேண்டும்.
விழுந்த இடமே நம் இடம்.
(ஃபென்யா ஒரு கண்ணைத் திறந்துதான் எறிந்தாள்.)

உள்ளே மணற்புழுக்களின் குவியல்கள்,
இடியாப்ப உரலில் பிழிந்து விட்டாற்போல்.
நான் எண்ணினால் ஒன்பது. அவள் எண்ணினால் பதினொன்று.
கம்பிமேல் பாதி கிடப்பவற்றை என்ன செய்வது?
இடமும் மேலும் தொட்டால் உள்ளே,
வலமும் கீழும் தொட்டால் வெளியே,
அச்சடித்த தாளில் அப்படித்தான் இருந்தது.
புழுக்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.
நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கையிலேயே
சட்டத்தின் நடுவில் மண் அசைந்து
புதிதாய் ஒன்று,
சுருள் சுருளாய்,
அவசரமே இல்லாமல் எழுந்தது.

தோண்டினோம்.
ஒரு விரலுக்குக் கீழே சேறு கறுப்பு,
அழுகிய முட்டை நாற்றம்.
அவன் வந்தான், அல்லது அவள்,
இரண்டும் கெட்டுப்போகாமல் பொத்திய கையில்
குளிர்ந்து, தடித்து, நெளிந்து.
வால் நுனி இல்லை. ஏதோ பறவை கொத்தியிருக்கும்.
அதற்காக அது நின்றுவிடவில்லை,
என் உள்ளங்கையை
மணல் என்று நினைத்துத் துளைக்கப் பார்த்தது.
விட்டுவிட்டேன்.
விரலில் மஞ்சள் கறை
மூன்று நாள் சோப்புக்கும் அசையவில்லை.

அப்போதுதான் விசில்.
வாய்க்கால்களில் தண்ணீர் திரும்பியிருந்தது,
சத்தமில்லாமல், பின்பக்கமாய்.
எல்லோரும் கிளம்ப, ஓக்கே மட்டும் கிளம்பவில்லை.
இழுத்தோம். கால் வந்தது.
பூட்ஸ் வரவில்லை.
ஒற்றைக் காலுறையோடு கரைவரை
கொக்கு போல நடந்தான்,
த்யார்க் அதைப் படம் எடுத்தான்.

அன்றிரவு அட்டவணையில் எழுதினேன்:
ஏழு. புழு, பத்து. பூட்ஸ், ஒன்று.
ஆசிரியை வீப்கே ஹன்சன்
பூட்ஸுக்கு அருகில் சிவப்பில் கேட்டிருந்தார்:
அலகு?

அடுத்த மே மாதம் அடுத்த வகுப்பு போனது.
அவர்கள் தாள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது,
எங்கள் தாளுக்குப் பக்கத்தில்.
சட்டம் எதிலும் விழாத பொருள்: பூட்ஸ், இடது.
மேலே கொட்டலசு, நாற்பத்து மூன்று.
உள்ளே கரை நண்டு, ஒன்று, கோபமாக.
அலகு என்ற கட்டத்தில்
கோணல் எழுத்தில்:
வீடு.

ஓக்கே நின்று படித்தான்,
இரண்டாம் முறையும் படித்தான்.
"பதினெட்டு யூரோ கட்டினேன்" என்றான்,
"வாடகை யார் தருவார்கள்?"