நூறில் நாலு

சல்பூரிக் மலிவு என்று
குலசேகரத்திலிருந்து ஒரு கன்னாஸ் கொண்டுவந்தான் டெல்வின்.
தண்ணீரைக் கண்டதும்
உள்ளதையெல்லாம் கொட்டித் தீர்க்கிற ரகம்.

ரப்பர்பால் உறைந்தது, சடுதியில்.
புகைப்புரையில் ஏழாம் நாள்
ஷீட்டு கறுத்து, மடக்கினால் விண்டது.
கடைக்காரர் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து
விலை சொல்லாமல் ஓரமாக வைத்தார்.

பார்மிக் அப்படியில்லை.
நீர்த்த கரைசலில்
நூறு மூலக்கூறில் நாலோ அஞ்சோதான் கையை விடும்;
மற்றவை மடியில் முடிந்துவைத்து
பால் கேட்கக் கேட்க அவிழ்க்கும்.
இதைத்தான் வலுவற்ற அமிலம் என்று
பத்தாம் வகுப்பில் எழுதி மார்க்கு வாங்கினேன்.

வலுவற்றதாம்!
விடியுமுன் தலைவிளக்கோடு வெட்டப் போகையில்
முசுறு கழுத்தில் கடித்துப் பீய்ச்சுவதும் அதே சரக்குதான்.
கன்னாஸ் மூடியைத் திறந்து
ஒருதரம் மூச்சை இழுத்துப் பார்க்கட்டும்
அந்தப் புத்தகம் எழுதியவர்.

இன்று மறுபடி பார்மிக்.
ஒரு மூடி, பத்து செம்பு தண்ணீர்.
"எம்புட்டு நேரம் ஆவும் றோஸ்லெட்?" என்கிறான்.
ஆவும்போ ஆவும்.

மிச்ச சல்பூரிக் கிணற்றடியில் இருக்கிறது.
மூடியை இறுக்கித்தான் வைத்தோம்.
அடியில் சிமெண்டு
நுரைத்து, குழிந்து, வெளுத்திருக்கிறது.