முழங்கால் உயரக் கோயில்

ராஸ் அல் அர்ள் துறையில் படகேறும்போதே
குரியாக்கோஸ் சொல்லிவிட்டான்:
“பெரிசா ஒண்ணும் நினைச்சிட்டு வராதே.”

நான் லிஃப்ட் மெக்கானிக்.
நாற்பத்தொரு மாடிக்கு ஆளை ஏற்றி
அலுங்காமல் இறக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஷார்க்கிலோ ஹவல்லியிலோ
எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும்
முதலில் அதன் தொண்டைக்குழியைத்தான் பார்ப்பேன்.

ஃபைலக்கா தட்டை.
போர் வந்து போனபின் ஜனம் திரும்பாத தீவு.
வங்கிச் சுவரில் துப்பாக்கி போட்ட ஓட்டைகள்,
அதன் நிழலில் அசைபோடும் ஒட்டகங்கள்.
வாடகை ஜீப் கால் மணி நேரம் புழுதி குடித்து
ஒரு கம்பி வேலியோரம் நின்றது.

பலகை அரபியில்.
எனக்குத் தெரிந்த அரபி ஒரு லிஃப்டுக்குள் அடங்கும்:
எண்கள், திற, மூடு, அபாயம்.
எண்களை வாசித்தேன்.
மற்றதைக் குரியாக்கோஸ் செல்போனில் தேடிச் சொன்னான்:
ஆயிரத்து இருநூறு வருஷம் இருக்குமாம்,
கிழக்கத்தியக் கிறிஸ்தவர்களாம், துறவிகளாம்,
பிறகு ஒருநாள் யாரும் இல்லையாம்.
“ஏன்னு போட்டிருக்கா?”
“இல்ல.”

கோயில் என் முழங்காலுக்கு வந்தது.

பச்சைச் செங்கல் வரிசை,
மேலே உப்புப் பூத்த சாந்து,
மழைக்கு மூடிய தார்ப்பாய் ஒரு முனை கிழிந்து
படபடத்துக்கொண்டிருந்தது.
நடுவே நீளமாய் ஒரு கூடம்,
இரு பக்கமும் ஒடுங்கலாய் இரண்டு,
கிழக்கே ஒரு சதுரம்.
காலைத் தூக்கிப் போட்டால் எங்கேயும் நுழையலாம்.
ஆனாலும் இருவரும் சுற்றிப் போய்
வாசல் வழியாகவே நுழைந்தோம்.

லிஃப்ட் குழிக்குள் இறங்கி நிற்கும்போது
எந்த மாளிகையும் இப்படித்தான்:
நாலு சுவர், கொஞ்சம் தூசி,
யாரோ தவறவிட்ட சாவி.

நகரத்தில் எங்கள் தமிழ்ப் பூசை நிலவறையில்.
கொங்கணிக்காரர்கள் ஏறிவரும் படியில்
ஒதுங்கி நின்றுதான் இறங்குவோம்.
எங்கள் கடைசிப் பாட்டு முடியுமுன்
கிட்டாரோடு வந்து நிற்பார்கள் பிலிப்பினோக்கள்.
மன்றாட்டையெல்லாம் படியேறிக்கொண்டே
சொல்லிப் பழகிவிட்டேன்.

இங்கே உட்கார்ந்தேன்.
அடுத்த பூசைக்கு ஆள் காத்திருக்கவில்லை.
கேட்பதற்கு
ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

குரியாக்கோஸுக்கு என்ன தோன்றியதோ,
சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு
சதுரத்தின் ஓரம் போய் நின்றான்.
பாலாவில் பீடச்சிறுவனாய் இருந்தவன்,
சுரியானியில் இரண்டரை வார்த்தை மிச்சம்.
தொண்டையைச் செருமி
சாமியார் மாதிரி கைகளை விரித்து
“ஷ்லாமா அம்கோன்” என்றான்.
சமாதானம் உங்களோடு.

பதில் சொல்லவேண்டியது நான்.
எனக்குத் தெரியாது.
தார்ப்பாய் படபடத்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் தகரக் கூண்டிலிருந்து
சில்ஹெட்காரக் காவலாளி மொஃபிஸுல்
கையை நெஞ்சில் வைத்துச் சொன்னார்:
“வ அலைக்கும் ஸலாம்.”
பிறகு, தண்ணி வேணுமா என்று
சைகையில் கேட்டார்.

விரித்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அப்படியே நின்றான் குரியாக்கோஸ்.

தண்ணீர் வெந்நீராய் இருந்தது.
ஒரே தம்ளரில் மூன்று பேரும் குடித்தோம்.

நாலு மணிக்குக் கடைசிப் படகு.
பாதிக் கடலில் சிக்னல் வந்ததும் போன் அலறியது.
ஹவல்லியில் பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
நின்றுவிட்டதாம் லிஃப்ட்.
உள்ளே ஒரு பெண், தனியாக, தமிழ்க்காரி.
செல்வஜோதியை விரட்டி அனுப்பிவிட்டு
அவளிடம் பேசினேன்:
கதவைத் தள்ளாதீங்கம்மா.
காத்து வரும். கம்பி அறாது.
ஆள் கிளம்பியாச்சு.

விட்டு விட்டுத்தான் கேட்டது.
லைன்ல இருக்கீங்களா
என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் தெளிவாக.

இருக்கேன் என்றேன்.
கரையின் கட்டடங்கள் ஒவ்வொன்றாய்
தண்ணீரிலிருந்து எழும்ப எழும்ப
கேட்கிறதோ இல்லையோ
இருக்கேன்
இருக்கேன்
என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.