நான்காவது கால்

லா பலோமாவில் அக்டோபர் காற்றுக்கு
யாரும் அழைப்பிதழ் கொடுக்கவில்லை.
அதுதான் முதலில் வந்தது.

சனிக்கிழமை ஆகாது என்றார்கள் அவர்கள்.
ஞாயிறு என்றால் பூசை முடியட்டும் என்றாள் அம்மா.
ஆக, ஞாயிறு மாலை நாலரை,
அலை எட்டிப் பார்த்துத் திரும்புகிற தூரத்தில்
நான்கு கழி, மேலே ஒரு துணி.
யூதர்களின் மணப்பந்தல் அவ்வளவுதான்.
கால் நடுவதில்லை,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

தம்பிக்காக முதல் கால் நான்.
துறைமுகத்தில் லாரிகளுக்கு எடை போடுகிறவள்,
எதன் கனத்தையும் பார்த்தே சொல்வேன்.
இது ஒன்றுமில்லை என்று தோன்றியது.
இரண்டாவது, நோயெமியோடு படித்தவள்.
மூன்றாவது என் கணவர், மதியமே கொஞ்சம் குடித்திருந்தார்.
நான்காவது அவளுடைய சித்தப்பா இசிதோரோ
என்றுதான் பேச்சு.
முந்தின இரவு ஃபோன் வந்தது:
"வருவேன். நாற்காலியில் உட்காருவேன்.
அதற்கு மேல் கேட்காதே.
இது கல்யாணமே இல்லை, தெரியுமா?"
தெரியும் என்றாளாம்.
நான்காவது காலைக்
கடற்கரைக் குடையின் இரும்புக் குழாயில் கட்டினோம்.

மேலே விரிந்திருந்தது இறந்துபோன அவள் அப்பாவின்
தொழுகைச் சால்வை.
ஒன்றைப் போர்த்தித்தான் புதைத்தார்களாம்.
இது இரண்டாவது,
வெளியூர்ப் பெட்டியில் கிடந்தது,
ஒரு மூலையில் சவரக் களிம்பின் கறை.

மூன்று ரபிகளைக் கேட்டார்கள்.
மூவரும் மரியாதையாகக் கதவைச் சாத்தினார்கள்.
மொன்தேவிதேயோவிலிருந்து வந்தாள் சூசி,
பாடகர் குழுவில் முப்பது வருஷம் இருந்தவள்.
எங்கள் பாதிரியாரும் வந்தார்,
கழுத்துப்பட்டை இல்லாமல்,
கடைசி வரிசையில் மாத்தே குடுவையோடு,
யாரோ ஒரு மாமாபோல.

அவள் அவனை மூன்று சுற்று,
அவன் அவளை மூன்று,
ஏழாவது சுற்று சேர்ந்து.
மணலில் புதைந்த செருப்பை
அவள் நடுவிலேயே உதறி எறிந்தாள்.
ஆள்காட்டி விரலில் மோதிரம்.
லிசாந்த்ரோ மூன்று மாதம்
குளியலறையில் கத்திப் பழகிய அந்த ஒற்றை எபிரேய வரியை
ஒரே மூச்சில் சொல்லிவிட்டு
என்னைப் பார்த்தான்,
சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழாமல் திரும்பியதும்
பார்த்ததுபோல.

ஏழு ஆசிகளில் ஐந்தாவது.
சூசி கையிலிருந்த தாள் பறந்தது.
பின்னாலேயே குழாயும் பிடுங்கிக்கொண்டது.
சால்வையின் ஒரு முனை
கடல் பக்கம் பாயாய் எழுந்து
எங்கள் மூவரையும் இழுத்தது.
கனம் என்றால் என்னவென்று
என் தோளுக்கு அப்போது தெரிந்தது.

ஒரு நாற்காலி கவிழ்ந்த சத்தம்.
திரும்பினால்
இசிதோரோ கழியைப் பிடித்து நிற்கிறார்.
சால்வைக் குஞ்சங்கள் அவர் கன்னத்தில் அடிக்கின்றன.
கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது,
ஏற்றிவிடக் கையில்லை.
அவர் குட்டை, நான் நெட்டை.
பந்தல் அவர் பக்கம் சாய்ந்தது.
நான் முழங்காலை மடித்தேன்.
அவர் குதிகாலை உயர்த்தினார்.
மீதி இரண்டு ஆசியும் அப்படியே நடந்தன.

அடுத்து, துணியில் சுற்றிய கண்ணாடிக் கோப்பை.
தம்பி ஓங்கி மிதித்தான்.
உடையவில்லை. மணலுக்குள் இறங்கிவிட்டது.
மறுபடி மிதித்தான், இன்னும் ஆழமாக.
அம்மா ஜெபமாலையை இறுக்கினாள்.
பாதிரியார் குனிந்து இருமினார்,
அது இருமல் இல்லை.
உணவுக்கடைப் பையன் ஓடிப்போய்
மீன் வெட்டும் பலகையைக் கொண்டுவந்தான்.
இசிதோரோவின் மூக்கு சுருங்கியது.

"என்ன மீன்?"
"மெர்லூசா, ஐயா."
"செதிள் உண்டா?"
"உண்டு, ஐயா."
"சரி, போடு."

உடைந்தது.
எல்லோரும் கத்தினோம், எங்களுக்குத் தெரிந்த உச்சரிப்பில்.

இருட்டிய பிறகு கழிகளைச் சேர்த்துக் கட்டும்போது
அவருக்கு மாத்தே நீட்டினேன்.
வாங்கி, முழுக்க உறிஞ்சி,
குடுவையைத் திருப்பிக் கொடுத்தார்.
"பிடித்தேன்" என்றார்.
"வாழ்த்தவில்லை."

நான் தலையாட்டினேன்.
சால்வையை உதறி நான்காக மடித்தார்.
மணல் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது,
அவர் ஷூவிலும் என் ஷூவிலும்.