உமிமேடு

துளைக்கிற எந்திரம் காலை ஆறரைக்கே வந்துவிட்டது.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரங்கூன் வீங்கிக்கொண்டிருக்கிறது,
இந்தப் பக்கம் டலாவில் பாலத்தின் ஒரு கால்
என் மொஹிங்கா அண்டா இருக்கும் இடத்தில்
இறங்க வேண்டுமாம்.

பதினோரு அடி போயும் மண் வரவில்லை.
குழாயைத் தட்டினால் கறுப்பாய், ஈரமாய்,
உமி.
இன்ஜினியர் பையன் விரலில் தேய்த்து முகர்ந்தான்.
"அக்கா, இது என்ன மண்?"

ஆலை துப்பியது, தம்பி.
ராப்பகலாய் நெல்லைத் தின்று
அரிசியைக் கப்பலுக்குக் கொடுத்துவிட்டுக்
காயலில் துப்பியது.
நூறு கூடைக்கு ஓரணா.
என் பூட்டன் செவத்தியான் கொட்டக் கொட்டக்
காயல் ஒதுங்கிக்கொண்டது.
ஒதுங்கின இடத்தில் ஒரு குச்சு, அப்புறம் பதினாலு,
அப்புறம் தெலுங்கு வண்ணார் இரண்டு வீடு,
பன்றிகளோடு ஒரு சீனர்.

நாற்பத்திரண்டில் ஆலைக்குத் தீ வைத்தவர்கள் கப்பலேறினார்கள்.
காலில் தெம்பிருந்தவர்கள் அரக்கான் பக்கம் நடந்தார்கள்.
செவத்தியான் மருமகளுக்கு அன்றைக்கென்று இடுப்பு வலி.
அதனால்தான் நான் இங்கே.
மேடு உள்ளுக்குள்ளேயே ஆனி மழை வரை கனன்றதாம்,
அதில் சுட்ட வள்ளிக்கிழங்கில்தான்
அவளுக்குப் பால் ஊறியது.
குடித்த பிள்ளை மாசிலாமணி, என் அப்பன்.
கார்டில் மாங் ஸா ஹ்லா.

ஆலை சர்க்காருக்குப் போனபோது பலகை மாறியது,
சங்கு மாறவில்லை.
பிறகு சங்கும் எடைக்குப் போனது.
இத்தனை பேரை எழுப்பின பித்தளை
ஏழே விஸ் என்று
வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அப்பா.
அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

போன மாதம் நில அலுவலகத்தில்
வெள்ளைக்காரன் காலத்து வரைபடம் விரித்தார்கள்.
இதோ என் அடுப்பு என்று விரலை வைத்தேன்.
விரலுக்கடியில் நீலம்.
"இங்கே காயல்தானே இருக்கிறது?"
வருத்தமாகத்தான் கேட்டார் அதிகாரி.
"தண்ணீருக்கு எப்படியம்மா நஷ்டஈடு எழுதுவது?"

பையன் இப்போது உமியைப் புட்டியில் அடைத்துச்
சீட்டு ஒட்டுகிறான்.
ஆழம், தேதி, துளை எண். நிறம்: கறுப்பு.
வகை என்ற கட்டத்தில்
பேனா நிற்கிறது.

கையால் கொட்டியது என்று எழுது, தம்பி.
நூறு கூடைக்கு ஓரணா, அதையும் எழுது.
முத்திரை வைத்து எனக்கொரு நகல் கொடு.
இன்றைக்கு உங்கள் ஆட்கள் ஐந்து பேருக்கும்
மொஹிங்காவுக்குக் காசு வேண்டாம்.
முட்டைக்கு மட்டும் கொடுங்கள்.