பூஜ்யத்துக்குக் கீழே

முதுநகர். மாடியறை. இரவு மணி பத்தே கால்.
ஜன்னலுக்கு இரண்டு ரஜாய்,
கதவுக்கு என் பழைய நைலக்ஸ் சேலை மூன்று,
மைக்குக்குப் பின்னால் வாய் திறந்த துணி பீரோ.
இன்டர்ஃபேஸ் பாண்டியில் வாங்கியது, இரண்டாம் கை.
கெயின் குமிழைச் சுற்றி எண்கள் தேய்ந்துவிட்டன.
விற்றவன் சொல்லி அனுப்பினான்:
காதை நம்பாதீங்க, விளக்கைப் பாருங்க,
மைனஸ் பதினெட்டுப் பக்கம் நிற்கட்டும்.

பார்ப்பது எனக்குப் பழக்கம்தான்.
சிப்காட்டில் எட்டு மணி நேரம் முள் பார்க்கிற வேலை.
அங்கே சிவப்பு என்றால் சைரன்,
காற்றுக் கொடி எந்தப் பக்கம் என்று பார்த்து
எதிர்ப்பக்கம் ஓட வேண்டும்.
இங்கே சிவப்பு ஒரு கடுகு விளக்கு.
யாரும் சாகமாட்டார்கள்.
பாட்டு மட்டும்.

செங்கேணி படியேறும்போதே வீடு அதிர்ந்தது.
துறைமுகத்தில் ஏலம் கூவுகிறவள்.
ஒரு கிலோ சங்கராவை என் ஃப்ரிட்ஜில் தள்ளிவிட்டு
மைக் முன்னால் வந்து நின்றாள், போலீஸுக்கு முன் நிற்பதுபோல்.
ஏதாவது பேசு, அளவு பார்க்கணும்.
என்னத்தப் பேச?
காலையில பேசுறதையே பேசு.

கூடை ஆயிரத்தி நூறு, நூறு, நூறு,
யாருப்பா, ஆயிரத்தி இருநூறு, ஏய் நீலச் சட்டை,
இருநூத்தி அம்பது —

திரையில் அலையின் தலையெல்லாம் ஒரே மட்டமாகச் சீவிக் கிடந்தது.
இந்தக் கணக்கில் பூஜ்யம்தான் உச்சம்.
அதற்கு மேல் கூவினால் கூவியது கிடைக்காது,
கொரகொரப்பு கிடைக்கும்.
குமிழை இறக்கினேன். இன்னும் இறக்கினேன்.
அவளுடைய ஆகப் பெரிய கத்தலுக்கும்
தலை இடிக்காமல் ஓர் ஆள் உயரம் மிச்சம் வைத்தேன்.
சரி, பாடு.

பாடினாள்.

கோடு.
வெறும் கோடு, எறும்பு போனால் ஆடுகிற அளவுக்கு ஒரு நடுக்கம்.
கேபிள் கழன்றுவிட்டதா என்று குனிந்து பார்த்தேன்.
இல்லை. பாடிக்கொண்டுதான் இருந்தாள்,
கண்ணை மூடி, பீரோவிலுள்ள துணிகளுக்கு மட்டும் கேட்க.
அவளே கட்டிய பாட்டு.
ஐஸ் உடைக்கிறவன் கையில் ஐஸ் உருகுவதில்லை என்று ஒரு வரி.
மாசிலாமணி பெயர் எங்குமே இல்லை.
எனக்குத் தெரியாதா?

ஏற்றினேன்.
ஏற்ற ஏற்ற அவள் வந்தாள், கூடவே எல்லாம் வந்தது:
கீழ்வீட்டு சீரியலில் யாரோ அழுவது,
போர்ட் ஜங்ஷனில் நிற்காத கூட்ஸ்,
பல்லி,
அவள் கண்ணாடி வளையல்,
எல்லாவற்றுக்கும் அடியில் ஃப்ரிட்ஜின் ரீங்காரம்,
தன் வீட்டில் தானே முனகும் மாமனாரைப்போல.
ஃப்ரிட்ஜை நிறுத்தினேன்.
வளையலைக் கழற்றச் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கழற்றி
என் தலையணைமேல் வைத்தாள்.
கிட்ட வா என்றேன். வந்தாள்.
இன்னும்.
மூச்சு படுது அதுல.
படட்டும்.

நான்காவது முறை பச்சை பிடித்தது.
மைனஸ் பதினெட்டு, பதினேழு, ஒருமுறை பதினைந்து,
அந்த ஐஸ் வரி வரும் இடத்தில்.
குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை நான்.
அவள் எந்த நொடியும் ஏலக்காரியாகிவிடுவாள் என்று
விரல் பதறிக்கொண்டே இருந்தது.
ஆகவில்லை.
பாட்டு முடிந்து ஒரு நிமிடம் பேசாமல் நின்றாள்,
பிறகு பல்லைக் காட்டிச் சிரித்தாளே, அப்போது எரிந்தது சிவப்பு.
அந்தச் சிரிப்பை வெட்டச் சொல்லிவிட்டுப் போனாள்.
வெட்டவில்லை.

ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்தேன்.
விடிந்ததும் சங்கரா சொன்னது அதை.

மறுநாள் ஷிப்டில் பாய்லர் அழுத்தம் எழுதுகிற கட்டத்தில்
மைனஸ் பதினெட்டு என்று எழுதியிருக்கிறேன்,
என் கையெழுத்துதான், தெளிவாக.
சூப்பர்வைசர் சிவப்பு மையில் வட்டம் போட்டு
கேள்விக்குறி வைத்திருந்தார்.
சரியான அளவுதான் சார் என்று நாக்கு நுனி வரை வந்தது.
அடித்துவிட்டு எட்டரை என்று எழுதினேன்.